சந்தா கட்டிச் சங்கத்தில் சேர்ந்தால் உப ஒப்பந்தகாரருக்கு என்ன கிடைக்கும்?

கோண்டாவில் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் கேற், கிறில், கூரைச் சட்டம், படிக்கட்டுக் கைபிடி, இவைதான் என் தொழில். முன்பு வீட்டு வேலைகள் மட்டும் செய்தேன். இப்போது பெரிய கட்டடங்களில் இரும்பு வேலையை மட்டும் பிரித்தெடுத்து, முதன்மை ஒப்பந்தகாரர்களுக்குக் கீழே செய்து கொடுக்கிறேன். கட்டட ஒப்பந்தகாரர் சங்கம் ஒன்றிலிருந்து உறுப்பினர் படிவம் தந்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் தனி, ஆண்டுச் சந்தா தனி. பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கேட்டேன். "தைக்கு ஒரு கலண்டரும் மார்கழியில் ஒரு மதியச் சாப்பாடும் நிச்சயம்" என்றார். சேர்ந்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். சந்தாக் காசுக்குப் பெறுமதி உண்டா?

பழைய மேசன் எழுதியது:

இல்லை. கலண்டரும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நின்றுவிடும்.

சண்டை முடிந்து ஏ9 வீதி திறந்ததும் இங்கே கட்டட வேலை பெருகியது. வீடமைப்புத் திட்டம், பாடசாலைக் கட்டடம், வங்கிக் கிளைகள் என்று எங்கே பார்த்தாலும் சாரம். அப்போது சங்கங்களும் பெருகின. கடிதத் தலைப்பு அடித்தார்கள், முத்திரை செய்தார்கள், வந்த அமைச்சர்களுக்கெல்லாம் மாலை போட்டார்கள். பெரிய வேலைகள் கொழும்புக் கொம்பனிகளுக்குப் போயின. எங்களுக்குக் கிடைத்தது அவர்களிடமிருந்து மூன்றாம் கை, நான்காம் கை வேலை. அந்த நாட்களில் எனக்குக் காசு நிலுவை வைத்துவிட்டுப் போன கொந்தராத்துக்காரர் ஒருவர் சங்கத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். யாரிடம் போய் முறையிடுவது?

கணிய அளவையாளர் எழுதியது:

பழைய மேசன் அண்ணை சொல்வதில்தான் விடயமே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து சங்கமே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் போகிறார். நான் அப்படிப் போகமாட்டேன்.

கோண்டாவில் தம்பி, படிவத்தை நிரப்ப முன்னர் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் யார் யார் என்று விசாரியுங்கள். எல்லோரும் முதன்மை ஒப்பந்தகாரர்கள் என்றால் உங்கள் பிரச்சினை அங்கே பேசப்படாது. உங்களுக்கு வர வேண்டிய காசு அவர்கள் கையில்தான் இருக்கிறது. அரசாங்கம் பில்லை இழுத்தடிக்கிறது என்று அவர்கள் குரல் கொடுப்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது எவ்வளவு நியாயமான குரல் என்பது எனக்குத் தெரியும், நான் அந்தப் பில்களைத் தயாரித்தவள். ஆனால் அவர்கள் உங்களுக்கு இழுத்தடிப்பதைப் பற்றி அதே மேசையில் யார் வாய் திறப்பார்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீங்கள் பத்து இலட்சத்துக்குக் கூரை வேலை எடுக்கிறீர்கள். ஐந்து வீதம், அதாவது ஐம்பதாயிரம், பிடிப்புப் பணமாக நிற்கும்; பிறகு குறை தெரிந்தால் திருத்துவதற்கு உத்தரவாதமாக உங்களுக்குத் தராமல் வைத்திருக்கும் காசு அது. கட்டடம் கையளிக்கப்பட்டதும் பாதி, குறைபாடு திருத்தும் காலம் முடிந்ததும் மீதி. அந்தக் காலம் வழக்கமாக 365 நாட்கள். இது முதன்மை ஒப்பந்தகாரருக்கும் வேலை கொடுத்தவருக்கும் இடையிலான கணக்கு. அதை அப்படியே உங்கள் தலையிலும் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் கூரை நான்காம் மாதம் முடிந்துவிடும். அதன் பிறகு பூச்சு, மாபிள், மின்சாரம், நிறம் என்று கட்டடம் இன்னும் ஒரு வருடம் இழுபடும். உங்கள் 365 நாட்கள் அதற்கும் பிறகுதான் தொடங்கும். கூரையில் ஒரு துளி ஒழுக்கும் இல்லாமலே இரண்டு வருடம் பாதிக் காசு அங்கே கிடக்கும். வேலை வேலையாக இப்படிப் பிடிபட்டால் உங்கள் இலாபம் முழுவதும் மற்றவருடைய வங்கிக் கணக்கில்தான் இருக்கும்.

"எனது வேலை முடிந்த திகதியிலிருந்து கணக்கிட வேண்டும்" என்று தனியாகப் போய்க் கேட்டால், "விருப்பமில்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம்" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கூரை வேலை செய்யும் பெரும்பாலானோர் ஒரே மாதிரி உப ஒப்பந்தப் படிவத்தோடு போனால் வேறு ஆளைத் தேடுவது சிரமம். நல்ல சங்கம் ஒன்றால் முதலில் கிடைக்க வேண்டிய பயன் இந்தப் படிவம்தான். சந்தாவின் பெறுமதியை நான் அதை வைத்துத்தான் அளப்பேன்.

கோண்டாவில் பட்டறை எழுதியது:

அக்கா, நான் இதுவரை எழுத்தில் எதுவும் வாங்கியதில்லை. வாய்ப்பேச்சுத்தான். வேலைக்கு அளவு எடுக்கும்போது ஒரு கொப்பித் தாளில் விலையை எழுதிக் கொடுப்பேன். இங்கே எல்லோரும் அப்படித்தானே?

கணிய அளவையாளர் எழுதியது:

எல்லோரும் அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன். வழக்குப் போடுவதற்கான கால எல்லையை வகுப்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். எழுத்திலான ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம். எழுத்தில் இல்லாதது என்றால் மூன்று வருடம். ஆனால் செய்த வேலைக்கான கூலி, கடைப் பற்று போன்றவற்றுக்கு ஒரே ஒரு வருடம்தான். காசு கொடுக்க வேண்டியவர் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று பன்னிரண்டு முறை சொன்னால் போதும். கையொப்பம் உள்ள ஒற்றைத் தாள் உங்களுக்கு ஐந்து வருடம் கூடுதலாக வாங்கித் தருகிறது. அந்தக் கொப்பித் தாளில் வேலை விபரம், தொகை, எப்போது கொடுப்பது என்பதையும் எழுதி, இரண்டு பேரும் கையொப்பம் இடுங்கள். நாளைக்கே தொடங்கலாம், இதற்குச் சங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போனாலும் முதலில் கேட்பது "ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?" என்பதைத்தான்.

நெல்லியடி கூரை எழுதியது:

நான் சங்கத்தில் இருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, சின்னச் சங்கம். கூரை, அலுமினியம், ஒட்டு (வெல்டிங்) வேலை செய்பவர்கள் மட்டும். முதன்மை ஒப்பந்தகாரர்களைச் சேர்ப்பதில்லை என்று யாப்பிலேயே, அதாவது சங்க விதிகளிலேயே, எழுதியிருக்கிறோம்.

எங்களை ஒன்று சேர்த்தது 2022தான். ஆயிரத்தை ஒட்டி இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியது. இரும்பு விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஸ்ரான்லி வீதியில் கடைக்காரர் விலை எழுதித் தர மறுத்தார்கள். "ஏற்றும்போது என்ன விலையோ அது" என்றார்கள். நான் அப்போது ஒரு அரச கட்டடத்தின் கூரையை நிலையான விலைக்கு எடுத்திருந்தேன். மேலே இருந்த ஒப்பந்தகாரருக்கு விலை ஏற்றத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு கிடைத்தது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை கட்டடப் பொருட்களின் விலை மாற்றத்தைக் காட்டும் விலைச் சுட்டிகளை வெளியிடுகிறது அல்லவா, அதை வைத்துச் சூத்திரப்படி கணக்கிட்டு அவருடைய பில்லில் சேர்த்துக்கொண்டார். அந்தச் சூத்திரத்தில் இரும்பும் இருக்கிறது. அந்த இரும்பை வாங்கியது நான். என் பில்லில் ஒரு சதம் கூடவில்லை. அப்படியொரு சுட்டி இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. சங்கத்துக்கு வந்த ஒரு அளவையாளர் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது எங்கள் உறுப்பினர்களின் விலைக் கடிதத்தில் இரண்டு வசனங்கள் கட்டாயம் இருக்கும். விலை எத்தனை நாட்களுக்குச் செல்லும் என்பது ஒன்று. முதன்மை ஒப்பந்தத்தில் விலையேற்றக் கொடுப்பனவு இருந்தால் எங்கள் பங்குக்கும் அது பொருந்தும் என்பது மற்றது. எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் "அது என்ன வசனம்?" என்று கேட்பது குறைந்துவிட்டது.

மற்றது, கடன். தனி ஆளாகப் போனால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், போன மாதப் பற்றைப் பார்ப்பார். சங்கமாகப் போய் எல்லோருடைய பொக்ஸ் பாரையும் தகட்டையும் ஒரே லொறியில் இறக்குகிறோம் என்றால் விலையும் இறங்குகிறது, தவணையும் நீள்கிறது. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்களின் பெயரும் கெடும் என்பதால் கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் வரும். வரட்டும்.

ரொறன்ரோ தகரவேலை எழுதியது:

நான் மானிப்பாயில் பிறந்து இப்போது இங்கே கட்டடங்களின் குளிரூட்டிக் காற்றுக்குழாய் வேலை செய்கிறவன். இந்தத் துறையில் சங்கம் என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு விடயங்கள் சொல்கிறேன்.

முதலாவது தரம். அமெரிக்காவில் 1943இல் தகரவேலை ஒப்பந்தகாரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் ஸ்மாக்னா. காற்றுக்குழாய்க்கு எந்த அழுத்தத்துக்கு எந்தத் தடிப்பில் தகடு, எத்தனை இடைவெளியில் வலுவூட்டல் என்று அவர்கள் போட்ட அட்டவணைகளைத்தான் உலகின் பல பாகங்களில் ஆலோசகர்கள் விவரக்குறிப்பில் எழுதுகிறார்கள். கொழும்பில் ஒரு ஹோட்டல் கட்டினாலும் அந்தப் பெயரைக் காணலாம். தகரம் வெட்டுகிறவர்களே எழுதிய விதி அது.

இரண்டாவது காசு. ஒன்ராறியோவில் 2019 ஒக்டோபர் 1 முதல் புதிய முறை நடைமுறையில் இருக்கிறது. முறையான பில் கொடுத்தால் 28 நாட்களுக்குள் உரிமையாளர் ஒப்பந்தகாரருக்குக் கொடுக்க வேண்டும். அது கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஒப்பந்தகாரர் உப ஒப்பந்தகாரருக்குக் கொடுக்க வேண்டும். பிணக்கு என்றால் நீதிமன்றத்துக்குப் போகாமல் விரைவான தீர்ப்பாளர் முறை உண்டு. இது யாரோ மனமிரங்கித் தந்ததல்ல. உப ஒப்பந்தகாரர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே கூட்டணியாகப் பல வருடம் மன்றாடிப் பெற்றது. தொழிலாளி, சின்ன முதலாளி இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் காசு வரவேண்டும் என்பதால் சேர்ந்தார்கள்.

இலண்டன் பூச்சுக்காரன் எழுதியது:

இங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனையைச் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். மேலே உள்ளவர் வங்குரோத்து ஆனால் மட்டும் விலக்கு. ஆனாலும் காசு பிந்துகிறது, அது வேறு கதை.

பழைய மேசன் எழுதியது:

கனடாக் கதையும் இலண்டன் கதையும் கேட்க நன்றாக இருக்கிறது. அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே இல்லை. இங்கே ஒரு கொந்தராத்துக்காரரோடு முரண்டு பிடித்தால் அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடமாட்டார். அவ்வளவுதான். நெல்லியடித் தம்பியின் சங்கம் நன்றாக நடக்கிறது என்றால் சந்தோசம். நான் பார்த்தவை அப்படி இல்லை.

நெல்லியடி கூரை எழுதியது:

அண்ணை, முரண்டு பிடிக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புதிய ஒப்பந்தகாரர் ஒருவர் வேலை தரக் கேட்டால், வாங்க முன்னர் எங்கள் குழுவில் ஒரு கேள்வி போடுவோம்: "இவரிடம் முன்பு செய்தவர்கள் யார்? எத்தனை நாளில் காசு வந்தது?" அவ்வளவுதான். பதிலை வைத்து முற்பணம் எவ்வளவு கேட்பது என்று தீர்மானிப்போம். இதற்கு அந்தக் கொந்தராத்துக்காரரின் அனுமதி தேவையில்லை. எனக்கு இந்தச் சங்கத்தால் கிடைத்த மிகப் பெரிய பயன் என்று கேட்டால், லொறியில் சேர்ந்து வாங்கும் விலைக் கழிவைவிட இதைத்தான் சொல்வேன்.

கணக்கு எழுதுபவர் எழுதியது:

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது கவனம். "இன்ன திகதியில் பில் கொடுத்தேன், இன்ன திகதியில் காசோலை வந்தது" என்று ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுங்கள். "கள்ளன்" என்று எழுதினால் மானநட்ட வழக்குக்கு நீங்களே காசு தேட வேண்டிவரும்.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. சிலர் சங்கம் என்றதும் "நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே விலை போடுவோம், இந்தக் கேள்விப் பத்திரம் (டெண்டர்) உனக்கு, அடுத்தது எனக்கு" என்று தொடங்குகிறார்கள். அது கூட்டுச் சதி. அரச பெறுகையில் பிடிபட்டால் கறுப்புப் பட்டியல்தான். ஒப்பந்த நிபந்தனைகளைப் பொதுவாக வைத்திருங்கள், விலையை ஒவ்வொருவரும் தனியாகப் போடுங்கள்.

என் தொழில் சின்னப் பட்டறைகளின் புத்தகங்களைப் பார்ப்பது. பெரும்பாலானோர் விலை போடும்போது விடுகிற ஓட்டைகள் எப்போதும் அதே இடத்தில்தான். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத ஒருவர் இரும்பு வாங்கும்போது 18 வீத வரியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். பதிவு இல்லாததால் அதைத் திரும்பக் கழிக்க முடியாது, அது அவருடைய செலவு. ஆனால் விலைக் கடிதத்தில் வரி நீக்கிய விலையைக் கணக்கில் எடுத்திருப்பார். 2024 ஜனவரியில் வரி 15இலிருந்து 18 ஆனது. அதே நேரம் பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லையும் எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடிக்கு இறங்கியது. எத்தனை பேர் அப்போது தங்கள் விலைகளை மாற்றினார்கள்? அடுத்தது ஊழியர் சேமலாப நிதி: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம். ஆக, நாட்கூலிக்கு மேல் 15 வீதம் உங்கள் கையிலிருந்து. இதைச் சேர்க்காமல் விலை போடுகிறவர்தான் மற்றவர்களின் விலையையும் கெடுக்கிறார். சங்கம் ஒன்று ஆண்டுக்கு ஒரு நாள் இதைக் கற்பித்தாலே சந்தா வந்துவிடும்.

விபத்துக் காப்புறுதியும் அப்படித்தான். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் சின்ன முதலாளிக்கு என்று தனிச் சலுகை இல்லை. நான்கு பேருக்கான காப்புறுதிக்குத் தனியாகப் போவதையும் நூறு பேருக்கான குழுக் காப்புறுதிக்குச் சங்கமாகப் போவதையும் காப்புறுதிக்காரர் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை.

அச்சுவேலி ஒட்டுனர் எழுதியது:

காசுக் கதை போதும், தொழில் கதைக்கு வருவோம்.

கட்டமைப்பு இரும்பு வேலைக்கு இப்போது பொறியியலாளர்கள் 7018 என்ற வகை ஒட்டுக் கம்பி கேட்கிறார்கள். எங்கள் பட்டறைகளில் வழக்கமாக ஓடுவது 6013. அது கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். 7018 தாங்காது. பொதியைத் திறந்து சில மணித்தியாலம் வெளியே வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அந்தக் கம்பியால் ஒட்டினால் வெளியே மீன் செதில் அடுக்கியது மாதிரி அழகான ஒட்டு, உள்ளே மயிரிழை வெடிப்பு. 300 பாகை அளவில் சூடாக்கி உலர்த்தும் பெட்டி வேண்டும். ஒரு சின்னப் பட்டறை அதை வாங்கி வருடத்தில் சில வேலைகளுக்காக வைத்திருப்பது கட்டாது. ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் கட்டும். தகடு மடிக்கும் இயந்திரமும் அப்படித்தான், பூச்சின் தடிப்பு அளக்கும் கருவியும் அப்படித்தான். நாங்கள் இங்கே சிலர் எந்தப் பெயரும் வைக்காமல் அப்படித்தான் செய்கிறோம். இரவல் வாங்கியவர் பதிவுக் கொப்பியில் எழுத வேண்டும், பழுதானால் வாங்கியவர் பொறுப்பு. சண்டை வராமலில்லை. ஆனால் பெட்டி ஓடுகிறது.

இன்னொன்று கல்வனைஸ் குழாய். அதை அப்படியே வைத்து ஒட்டும் பெடியன்களைப் பார்க்கிறேன். வெள்ளைப் புகை எழும், அது குழாய்ப் பூச்சில் உள்ள நாகம் (துத்தநாகம்) எரிகிற புகை. மாலையில் வாயில் ஒரு உலோகச் சுவை, இரவில் நடுக்கத்தோடு காய்ச்சல், மறுநாள் தெளிந்துவிடும். "பால் குடி, சரியாகிவிடும்" என்று பட்டறை பட்டறையாகச் சொல்வார்கள். பால் அதற்கு ஒன்றும் செய்யாது. ஒட்டும் இடத்தில் பூச்சை அரைத்து எடுக்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில் நின்று ஒட்ட வேண்டும், முகமூடி போட வேண்டும். தகப்பன் சொன்னால் கேட்காத பெடியன் வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் சொன்னால் கேட்கிறான். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் 2016 முதல் இருக்கிறது, கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தனி ஆள் போய் "என் பட்டறையில் வந்து ஒரு நாள் வகுப்பு எடுங்கள்" என்று கேட்டால் எப்படி வருவார்கள்? முப்பது பேரின் பெயரோடு கடிதம் போனால் பேச்சு வேறு.

கோண்டாவில் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எனக்குப் படிவம் தந்த சங்கத்தின் குழுவில் இருப்பவர்களின் பெயர்களைப் பார்த்தேன். அதில் மூவர் எனக்கு வேலை தருபவர்கள். ஒருவர் காசும் தரவேண்டியவர்! சேராமல் விட்டால் மனம் கோணுவார்களோ என்றும் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் புதிதாக ஒன்று தொடங்குவது பெரிய வேலையா?

கணிய அளவையாளர் எழுதியது:

அந்தப் பெரிய சங்கத்திலும் சேருங்கள் தம்பி. அது உங்களுக்கு வேலை தேடித் தரும் இடம். அடுத்து என்ன கட்டடம் வருகிறது, யார் எடுத்திருக்கிறார் என்ற செய்தி அங்கேதான் முதலில் வரும். முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும்போது அவர்களோடு நின்றால் கொழும்பிலிருந்து வருபவர்களையும் சந்திக்கலாம். பின்னாளில் நீங்களே நிர்மாண அதிகாரசபையில் பதிந்து, அடித் தரமான சீ9இலிருந்து மேலே வர விரும்பினால் செய்த வேலைகளுக்குச் சான்று வேண்டும். அதை எழுதித் தரவேண்டியவர்களும் இவர்கள்தான். ஆனால் காசுப் பிரச்சினைக்கு அந்த இடத்தை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு உங்கள் ஆட்களோடு தனியாக ஒன்று வேண்டும்.

தொடங்குவது பெரிய வேலை இல்லை. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளர்கள்தான் பதியலாம் என்று பலர் நினைக்கிறார்கள், தொழில் தருபவர்களின் சங்கத்துக்கும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. பதிவுக்குப் போக முன்னர் ஆறு மாதம் பதியாமலே நடத்திப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வேலையாவது கையொப்பமிட்ட தாளோடு எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது நடக்காவிட்டால் முத்திரை செய்து பயனில்லை.

நெல்லியடி கூரை எழுதியது:

யாப்பில் ஒரே ஆள் தொடர்ந்து தலைவராக இருக்கக்கூடாது என்பதை மறக்காமல் எழுதுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம். கணக்கறிக்கையை மாதந்தோறும் குழுவில் போடுங்கள். எங்களுக்கு வந்த சண்டைகளில் பாதி இந்த மூன்றால் தீர்ந்தது. மீதிப் பாதி தீராது, அது சொந்தக்காரர் சண்டை.

பழைய மேசன் எழுதியது:

சரி, சங்கக் கதையை நீங்கள் பாருங்கள். அச்சுவேலித் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். என் மருமகன் பதினைந்து வருடமாக மேசன் வேலை. கையில் ஒரு சான்றிதழும் இல்லை. கட்டாருக்குப் போக முகவர் தொழிற்தகைமைச் சான்றிதழ் கேட்கிறார். இந்த வயதில் வகுப்பில் போய் இருக்கச் சொல்வார்களா?

அச்சுவேலி ஒட்டுனர் எழுதியது:

வகுப்பு வேண்டாம் ஐயா. தேசிய தொழிற்தகைமையில் முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். அவர் செய்த வேலைகளின் படங்கள், வீட்டுக்காரர்களிடமும் கொந்தராத்துக்காரர்களிடமும் வாங்கிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும், கேள்விகளும் கேட்பார்கள். கல் கட்டுவதில் அவருக்குப் பிரச்சினை வராது. வரைபடம் வாசிப்பதிலும் கலவை விகிதம் சொல்வதிலும்தான் பழைய ஆட்கள் தடுமாறுகிறார்கள். போக முன்னர் அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போகட்டும்.

பழைய மேசன் எழுதியது:

வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில். மீதிப் பேரிடம் கடிதம் கேட்டால் நிலுவைக் காசும் கேட்கப் போகிறேன் என்று பயந்து ஒளிப்பார்கள். பார்க்கிறேன் தம்பி, நன்றி.